எந்தப் பியானோ வாங்குவது என்று கேட்டாயே

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வடிந்ததா? இரவில் தூங்குகிறாரா? அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுதிவிடு, தேட வைக்காதே.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பழைய பியானோவைக் கொண்டுவர வழியே இல்லை. 200 கிலோவுக்கு மேல் கனக்கும் ஒன்றை இந்தக் குறுகல் படியில் தூக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. சோடாபுட்டியின் மகள் கேட்டாள், கொடுத்துவிட்டேன். வண்டியில் ஏற்றும்போது நான் கீழே இறங்கவே இல்லை. சரி, அதை விடு.

அதற்குப் பதிலாக இப்போது ஜன்னலோரம் நிற்பது ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் என்ற டிஜிட்டல் பியானோ. 14.8 கிலோ. தம்பி ஒரு முனை, நான் ஒரு முனை, மூச்சு வாங்காமல் மேலே வந்துவிட்டோம். இதை வாங்கும் முன் கடை கடையாக ஏறி இறங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துப் பார்த்திருந்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் உன் கேள்வி வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் சண்டை. 600 வாத்தியச் சத்தம், விளக்கு எரியும் கட்டை, தானாகத் தாளம் போடும், 61 கட்டை என்று ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாயாமே? வேண்டாம்டி. அந்த மாதிரிக் கீபோர்டுகளில் கட்டைக்கு அடியில் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். அழுத்தினால் இறங்கும், விட்டால் துள்ளும். டீச்சரிடம் அத்தனை திட்டு வாங்கிப் பழகிய விரலை அதன்மேல் வைத்தால் ஒரே மாதத்தில் எல்லாம் போய்விடும். உனக்கு 88 கட்டையும் வேண்டும், ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் சுத்தியல் கனமும் வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். பியானோவில் நாம் கம்பியைத் தொடுவதே இல்லை. கட்டையை அழுத்தினால் சுத்தியல் எழுகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே விரலின் பிடியிலிருந்து விடுபட்டு, கடைசித் தூரத்தைத் தானாகப் பறந்து போய் அடிக்கிறது. 1700 வாக்கில் ஃபிளாரன்சில் கிறிஸ்டோஃபோரி செய்த முதல் பியானோவிலிருந்து இன்றுவரை சங்கதி இதுதான். பிடி விடுபடும் நொடியில் சுத்தியலுக்கு என்ன வேகம் கொடுத்தோமோ, அதுதான் சத்தம். நடுப்பகுதிக் கட்டையை இறக்க ஏறக்குறைய 50 கிராம் எடை போதும், இறங்கும் ஆழமோ 10 மில்லிமீட்டர்தான். மெதுவும் பலமும் நடுவில் உள்ள அத்தனை நிறங்களும் அந்த 10 மில்லிமீட்டருக்குள்தான் நடக்கின்றன.

டிஜிட்டலில் கம்பி இல்லை. கட்டை இறங்கும் வழியில் சென்சார்கள் இருக்கின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததைத் தொட எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடுகின்றன. மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983இல் வந்த மிடி முறைப்படி அந்த வேகம் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகிறது. உன் கையைப் பற்றிக் கருவிக்குத் தெரிவது அவ்வளவுதான். கட்டை சரியில்லையென்றால், உலகத்திலேயே அருமையான கச்சேரிப் பியானோவைப் பதிவு செய்து உள்ளே வைத்திருந்தாலும் உன் விரல் அதைப் போய்ச் சேராது.

இன்னொன்றும் இருக்கிறது. சத்தம் பிடிக்கவில்லையென்றால் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். நல்ல ஹெட்ஃபோன் போடலாம், வெளி ஸ்பீக்கர் சேர்க்கலாம், ஒரு வயரைக் கணினியில் செருகிப் பியானோடெக் மாதிரி மென்பொருளை வாசிக்கலாம். கட்டையை மாற்ற முடியாது. வாங்கிய அன்று எதுவோ, கடைசிவரை அதுதான். அதனால் கடையில் முதலில் விரலைக் கேள், காதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

போனதும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் சும்மா வாசித்துப் பார். டொக்டொக் என்று மரத்தில் தட்டுகிற மாதிரி கேட்டால் யோசி; அப்பா அடுத்த அறையில் தூங்கும்போது ஹெட்ஃபோன் உன் காதை மட்டும்தான் காப்பாற்றும், அந்தத் தட்டலை அவர் கேட்டுக்கொண்டிருப்பார். தரை வழியாகக் கீழ்வீட்டுக்கும் போகும். ஸ்டாண்டுக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பு போட்டால் ஓரளவு அடங்கும்.

பிறகு ஒரு வெள்ளைக் கட்டையை நுனியில் அழுத்து, அதையே உள்பக்கம், கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில் அழுத்து. பெரிய கிராண்ட் பியானோவில் கட்டை உள்ளே நீண்டு போவதால் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. கையடக்கமாகச் செய்யும்போது அந்த நீளத்தைத்தான் வெட்டுகிறார்கள். ஒரு கருவியில் உள்பக்கம் அழுத்தினால் கல்லாகக் கிடந்தது. மெதுவாக வாசிக்கப் போனால் சத்தமே வரவில்லை, கொஞ்சம் அழுத்தினால் வெடித்தது. நிறைய கறுப்புக் கட்டை வரும் பாட்டு உனக்குப் பிடிக்கும் என்பதால் இதை விடாதே.

அடுத்தது, ஒரே கட்டையை முழுதாக மேலே வரவிடாமல் படபடவென்று அடி. பெரிய பியானோவில் இது முடிவதற்குக் காரணம் 1821இல் எரார்ட் என்ற பியானோத் தயாரிப்பாளர் காப்புரிமை பெற்ற இயந்திர அமைப்பு. டிஜிட்டலில் அந்த வேலையைச் செய்வது மூன்றாவது சென்சார். இரண்டே உள்ளவற்றில் வேகமாகப் போகும்போது நடுவில் சில அடிகள் சத்தமில்லாமல் விட்டுப்போகும்.

கை திருப்தியானால் காதுக்கு வா. தாழ்ந்த ஒரு கட்டையைச் சத்தம் வராமல் மெல்ல இறக்கிப் பிடித்துக்கொள். அதற்கு ஒரு ஆக்டேவ் மேலுள்ளதை, அதாவது அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயிக் கட்டையை, பட்டென்று அடித்து விடு. நிஜப் பியானோவில் திறந்திருக்கும் தாழ்ந்த கம்பி தானாக அதிர்ந்து, மேல் ஸ்வரம் புகை மாதிரி மிதந்துகொண்டிருக்கும். டிஜிட்டலில் அது வருகிறதா என்று கேள். ஒரே கட்டையை மெல்லியதிலிருந்து பலமாகப் படிப்படியாக அடித்தும் பார். சத்தம் மட்டும் ஏறினால் போதாது, குரலே மாற வேண்டும்: மெல்ல அடித்தால் மந்தமாக, பலமாக அடித்தால் பளீரென்று. பிறகு ஒரு தாழ்ந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அது முழுக்கத் தேயும்வரை ஹெட்ஃபோனில் காத்திரு. நினைவகத்தைச் சிக்கனம் செய்திருந்தால், நடுவில் ஒரே துண்டு சுற்றிச் சுற்றி வருவது தெரிந்துவிடும். விற்பவர் பொறுமை இழந்து பார்ப்பார். பார்க்கட்டும்.

என்னுடையதில் கட்டை நன்றாக இருக்கிறது. மேற்பரப்பில் தந்தம் போல லேசான சொரசொரப்பு, வியர்த்தாலும் விரல் வழுக்காது. மெதுவாக இறக்கினால் முடிவதற்குச் சற்று முன் சின்னதாக ஒரு தடை தட்டுப்படும். சுத்தியல் பிடி விடும் இடத்தை அப்படிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் உனக்கு இதைச் சொல்ல மாட்டேன். என் கைக்கே கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது, உன் மணிக்கட்டு இருக்கும் நிலையில் வேண்டாம். நீ உன் வீட்டுக்கும் அப்பா வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் வேறு. யமஹா பி-225 11.5 கிலோதான், தொடுகையும் இலகு. கவாய் இஎஸ்120 சத்தத்தின் கனிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த இரண்டையும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே கடையில் பார். காசியோ பிஎக்ஸ்-எஸ்1100 இன்னும் ஒல்லி, 11.2 கிலோ, பேட்டரியிலும் ஓடும். ஆனால் உனக்கு மின்சாரம் இருக்கும் அறைதான், அதனால் அது அவசியமில்லை. மரக் கட்டை வைத்த யமஹா பி-525 மேல் எனக்கு இன்னும் ஆசை உண்டு. அது 22 கிலோ, நம் இருவருக்கும் இப்போது ஆகாது.

கூடவே கொடுக்கும் சதுரப் பெடலை நம்பாதே. அழுத்தினால் ஓடிப்போகும், பாதி மிதி, அதாவது பெடலைப் பாதி மட்டும் அழுத்துவது, பெரும்பாலும் அதற்குத் தெரியாது. பாதி மிதியை உணரும் பெடல் ஒன்று தனியாக வாங்கு. புளூடூத் ஹெட்ஃபோனும் வேண்டாம், அடித்துச் சற்றுக் கழித்துத்தான் காதில் விழும், தாளமே கெட்டுவிடும். வயர் உள்ளதே போதும். ஸ்டாண்ட் ஆடக்கூடாது, குறுக்குக் கால் வைத்தது முட்டியில் இடிக்கும்.

“இந்த வயதில், இந்த நிலைமையில் இதெல்லாம் தேவையா” என்று கடைசியில் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். பகல் முழுக்க மருந்து, டாக்டர், துணி, படுக்கை என்று ஓடுகிறாய். இரவில் அவர் கண் அசந்த பிறகு அரை மணி நேரம் உனக்கென்று வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்காதே, உன் அண்ணனிடம் சுத்தமாகக் கேட்காதே. அவன் செலவுக் கணக்குதான் சொல்வான். நீ வாசித்து நான் கேட்டு எத்தனை காலமாயிற்று! உரலில் இடிக்கிறாயா என்று டீச்சர் கேட்பாரே, அந்த இடது கை இன்னும் அப்படியேதானா?

இந்த ஞாயிறு கடைக்குப் போ. தம்பியைத் துணைக்கு அனுப்புகிறேன், தூக்க ஆள் வேண்டும். நகத்தை வெட்டிக்கொண்டு போ. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி