கொதிநீர்க் காயத்துக்கு இழப்பீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் ஜார்ஜ்டவுன் உணவகம் ஒன்றில், பணியாளரின் கை தவறிக் கொதிநீர் என் தாயாரின் தொடையிலும் முழங்காலிலும் கொட்டியதில், தோல் சேலையோடு ஒட்டிக்கொண்டு உரிந்தது. இரண்டு நாள் கழித்துப் பழக்கூடையுடன் வந்த உரிமையாளர், 300 ரிங்கிட்டையும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளையும் சேர்த்தே நீட்டினார். அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அம்மாவைக் கையெழுத்திட நான் விடவில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் எளிதாக முடித்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். உடற்காயத்துக்கான கோரிக்கையை அம்மன்றம் விசாரிக்க 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கவில்லை என்பதும், 1 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாத இத்தகைய வழக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடுக்கலாம் என்பதும் பிறகே தெரிந்தன. 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் இதற்கு 6 ஆண்டு அவகாசம் தருவதால், அவசரம் தாள் நீட்டியவருக்குத்தான், எங்களுக்கில்லை. தழும்பு இறுகி முழங்காலை மடக்க முடியாமல் போகுமா என்பது சில மாதங்கள் கழித்தே தெரியும் என்று மருத்துவர் கூறியிருக்கையில், அதற்கு இன்றே எப்படி விலை பேசுவது?

இப்போதைக்குப் புகைப்படங்களையும் மருந்து ரசீதுகளையும் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வருகிறோம். மருத்துவ அறிக்கை வந்தபின் வழக்கைப் பற்றி அம்மாவே முடிவு செய்வார்.

வாசகி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு