மார்பக உள்வைப்புக்குக் காலாவதித் திகதி உண்டா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் அண்மையில் வெளியான சிறு குறிப்பொன்று, மார்பகத்தில் பொருத்தப்படும் சிலிக்கோன் உள்வைப்புகளை, அதாவது சிலிக்கோன் அடைத்த பைகளை, பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றிவிட வேண்டும் என்று கூறியது. அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் இரண்டு வாரத் தூக்கத்தைக் கெடுத்தது. அது முழு உண்மையன்று என்பதைப் பின்னர் விசாரித்து அறிந்தமையால் இதை எழுதுகிறேன்.

என் தங்கை மார்பகப் புற்றுநோயால் ஒரு மார்பகத்தை இழந்தவள். சட்டைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவள், 2009 ஆம் ஆண்டு கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில், சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டு உள்வைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டாள். இது பணக்காரர்கள் அழகுக்காகச் செய்துகொள்ளும் காரியம் என்று எங்கள் பக்கத்தில் நினைப்போர் பலர். அவள் சொல்லும்வரை நானும் அப்படி நினைத்திருந்தவள்தான்.

தங்கள் குறிப்பை வாசித்த மறுநாளே, கெடு கடந்து பல ஆண்டுகளாகிவிட்டனவே என்று பதறி, நகையை அடகு வைக்கப் புறப்பட்டவளை மறித்து, அரசாங்க வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கையால் பரிசோதித்து, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுக்கச் செய்து, பை கிழியவில்லை என்றும், ஆண்டுக்கணக்கை மட்டும் பார்த்து அதை எடுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

உள்வைப்பு ஆயுள் முழுவதும் நிலைப்பதற்காகச் செய்யப்பட்ட பொருளன்று என்பது உண்மைதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மார்பகத்தைப் பெரிதாக்குவதற்காக உள்வைப்புப் பொருத்திக்கொண்டோரில் ஐவரில் ஒருவருக்கும், மார்பக மீளமைப்புக்காகப் பொருத்திக்கொண்டோரில் இருவரில் ஒருவர் வரைக்கும், பத்து ஆண்டுகளுக்குள் அதை அகற்ற நேரிடுகிறது. ஆனால் பத்தாம் ஆண்டில் எல்லாருக்கும் பை கெட்டுவிடும் என்று இதற்குப் பொருளில்லை. 1962 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உலகில் முதன்முதலாகச் சிலிக்கோன் உள்வைப்பு பொருத்தப்பட்ட டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற பெண்மணி, ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதே பைகளுடன்தான் வாழ்ந்தார். உற்பத்தி நிறுவனங்கள் தரும் உத்தரவாதமும், அவை பெண்களைத் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வுகளும் பெரும்பாலும் பத்து ஆண்டுக் கணக்கில் அமைந்தமையால் இந்தப் 'பத்து' பிறந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

மாற்றுவதா இல்லையா என்பதை உடலில் காணும் மாற்றமே தீர்மானிக்கிறது. உள்வைப்பைச் சுற்றி உடல் தானாக உருவாக்கும் தழும்புறை இறுகி, மார்பு கல்லைப் போலாகி வலிப்பதுண்டு; கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களுக்கு இதன் சாத்தியம் கூடுதலாகும். உப்புநீர் அடைத்த பை கிழிந்தால் நீர் வெளியேறி மார்பு சுருங்கிவிடுவதால் உடனே தெரிந்துவிடும். சிலிக்கோன் பையோ உள்ளே கிழிந்திருந்தும் வலியோ வீக்கமோ இன்றி ஆண்டுக்கணக்கில் இருந்துவிடக்கூடும். ஆகவேதான், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும், பொருத்திய 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் ஸ்கேனும், அதன் பின் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. தங்கைக்கு இத்தனை ஆண்டுகளாக இதைச் சொன்னவர் எவருமில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் மட்டும் நீர்கோத்து வீங்கினால் தாமதிக்கவே கூடாது. உள்வைப்பைச் சுற்றி அரிதாக உண்டாகும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தலைகாட்டும்.

நிபுணர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "இது எந்தக் கம்பனியின் பை? அட்டை இருக்கிறதா?" அதற்குத்தான் எங்களிடம் பதிலில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மண்சரிவு எச்சரிக்கை வந்து, இரவோடிரவாகப் பிள்ளைகளுடன் பாடசாலைக்கு இடம்பெயர்ந்தபோது, டயக்னோசிஸ் கார்ட் உட்பட எல்லாக் கடதாசிகளும் வீட்டிலேயே கிடந்து நனைந்து போயின. சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலையை விசாரித்தோம். அவ்வளவு பழைய கோப்புகள் தங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பையின் கம்பனியும் இலக்கமும் குறித்த அந்த அட்டை ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைப் பாவனைக்கான சிலிக்கோனைப் பைகளில் அடைத்தது 2010 இல் அம்பலமாயிற்று. அடுத்த ஆண்டு பிரெஞ்சு அரசு, அவற்றைப் பொருத்தியிருந்த சுமார் 30,000 பெண்களுக்கு, நோய்க்குறி இல்லாவிட்டாலும் அகற்றிக்கொள்ளும்படி அறிவுறுத்தியது. 2019 இல் அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான மேற்பரப்புடைய ஒருவகை உள்வைப்புகள், மேற்சொன்ன நிணநீர்ப் புற்றுநோயின் காரணமாக உலகெங்கும் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டன. ஆயினும் நோய்க்குறி இல்லாதவர்கள் அவற்றை அகற்ற வேண்டியதில்லை என்றே அமெரிக்க நிர்வாகம் கூறியது. ஆக ஒரு பையை எடுக்கச் சொன்னார்கள், மற்றொன்றை இருக்க விடச் சொன்னார்கள். என் தங்கையின் உடலில் இருப்பது எது என்பதை அறிய எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

ஒவ்வொரு உள்வைப்புடனும் தொடர் இலக்கமும் தொகுதி இலக்கமும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வருகின்றன. அவற்றுள் ஒன்றை நோயாளியின் கிளினிக் கொப்பியில் ஒட்டிக் கொடுப்பதற்குச் செலவு ஏதுமில்லை. தனியார் வைத்தியசாலைகளில் பொருத்தப்படுபவை உட்பட எல்லா இலக்கங்களும் அரசாங்கப் பதிவேடொன்றில் ஏறுவதைச் சுகாதார அமைச்சும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் கட்டாயமாக்க வேண்டும். பிரித்தானியாவில் 2016 முதல் அத்தகைய பதிவேடு உண்டு. அடுத்த ஸ்கேன் எப்போது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுப்பதும் அவசியம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட தாளைத் தங்கை பத்திரமாக வைத்திருந்தாளேயன்றி, ஒருநாளும் வாசித்ததில்லை. சுகவனிதையர் கிளினிக்குக்கு வரும் பெண்களிடம், உள்வைப்பு ஏதும் பொருத்தியிருக்கிறீர்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும் பயன் தரும். வெட்கத்தால் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

அட்டை இன்னும் கையில் உள்ளவர்கள் அதைக் கைபேசியில் படமெடுத்து, வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைப்பது நல்லது. மழைக்காலத்தில் எங்கள் வீடுகளில் எந்தக் கடதாசிக்கும் உத்தரவாதமில்லை.

'பத்து ஆண்டுக் கட்டாயம்' என்ற அந்த வரிக்குத் தாங்கள் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தங்கையைப் போல நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனவர்கள் வேறு எவரேனும் இருக்கக்கூடும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.