தணிக்கையாளர் ஃபைலை மட்டும் பார்க்க வருவதில்லை

அமெரிக்க நகராட்சிகளில் மழைநீர் வடிகால் பிரிவை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். மழைநீரை ஆறு, ஏரிகளில் விடுவதற்கான அனுமதியின்படி நடக்கிறோமா என்று பார்க்கும் தணிக்கைக்குக் கடிதம் வந்ததும் ஃபைல்களை அடுக்க ஓடுவீர்கள். நானும் ஓடியிருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஊரில் இரண்டு வாரம் ராப்பகலாக அடுக்கினோம். வந்தவர் ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு, "உங்கள் பணிமனைக்குப் போகலாமா?" என்றார். அங்கே பனி உருகச் சாலைக்குப் போடும் உப்பு மூடாமல் குவிந்து கிடந்தது. கரைந்த நீர் நேராக வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாசைத் தடுக்க நாங்கள் எழுதிய திட்ட ஆவணத்தில் உப்பைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே உண்டு!

சுத்தநீர்ச் சட்டத்தின் 1987 திருத்தம்தான் நம்மை இந்த அனுமதி முறைக்குள் கொண்டுவந்தது. 1990 விதி பெரிய நகரங்களைப் பிடித்தது, 1999 விதி சிறியவற்றை. சிறு நகரங்களுக்கான அனுமதிகளில் வரையறைகள் தெளிவாகவும் அளக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று 2016இல் இன்னொரு விதி வந்தது. "தேவைக்கேற்ப ஆய்வு செய்வோம்" என்று திட்டத்தில் எழுதி வைத்திருந்தால் இப்போதே திருத்துங்கள். எத்தனை, எப்போது, யார் என்று இருக்க வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? பழைய புகார் ஒன்றை எடுங்கள். தெருவோர வடிகாலில் யாரோ பெயின்ட் ஊற்றியதாக வந்த போன் என்று வைத்துக்கொள்வோம். யார் எடுத்தார், யார் போய்ப் பார்த்தார், எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார், நோட்டீஸ் கொடுத்தாரா, மறுபடி போய்ப் பார்த்தாரா? நான் பார்த்தவரை பதிவுகளின் தொடர்ச்சி அறுவது பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்தில்தான். ஒரு ஏக்கரும் அதற்கு மேலும் மண் தோண்டும் கட்டுமான இடங்களிலும் இதே கதை. மண் அடித்துச் செல்லாமல் தடுக்கும் வண்டல் வேலி சாய்ந்திருப்பதாக முதல் ஆய்வில் குறிப்பு இருக்கும். நிமிர்த்தினார்களா என்பதற்கு ஒரு தாளும் இருக்காது.

நீர் வெளியேறும் குழாய்களையும் வறண்ட நாளில் நேரில் போய்ப் பாருங்கள். மழை நின்று மூன்று நாள் ஆகியும் ஓட்டம் இருந்தால் அது நிலத்தடி நீரா, குடிநீர்க் கசிவா, சாக்கடை இணைப்பா என்று சோதித்து எழுதி வையுங்கள். வரைபடத்தில் இல்லாத குழாய் ஒன்றாவது கண்ணில் படும், பந்தயம் கட்டலாம்.

விடுபட்ட படிவத்தைப் பழைய தேதி போட்டு நிரப்ப மட்டும் செய்யாதீர்கள். தெரிந்தே பொய்ப் பதிவு வைப்பது சுத்தநீர்ச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 10,000 டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆய்வு நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றே எழுதி, இனி எப்போது என்று தேதி போடுங்கள்.

அப்புறம், தெரு கூட்டும் வண்டி ஓட்டுபவருக்குப் பதில் சொல்லிக்கொடுத்துத் தயார் செய்யாதீர்கள். கூட்டிய குப்பையை எங்கே கொட்டுகிறார் என்று இன்றே நீங்கள் போய்க் கேளுங்கள். எங்கள் ஓட்டுநர் தணிக்கையாளரிடம் சொன்ன இடம், பக்கத்தில் நின்ற மேலாளருக்கே புதிதாக இருந்தது.

அன்புடன்,
ஒரு முன்னாள் வடிகால் பொறியாளர்