எங்களை உதாரணம் காட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இந்தியாவின் ஆயுத ஏற்றுமதி பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2023-24இல் 21,083 கோடி ரூபாயைத் தொட்டாயிற்று, பிலிப்பைன்ஸுக்குப் பிரமோஸ் ஏவுகணை போய்விட்டது என்றெல்லாம் பெருமைப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் நாடு, உங்கள் பெருமை, நான் குறுக்கே வரவில்லை. ஆனால் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி: “நல்ல ஆயுதங்கள் உரிய நேரத்தில் கிடைத்தால் போர் சீக்கிரம் முடியும், உயிர்கள் மிஞ்சும், இலங்கையே இதற்கு உதாரணம்.”

1983இல் தொடங்கி 2009 மே மாதம் வரை நடந்த போர் எங்களுடையது. இதைச் சீக்கிரம் என்கிறவர் எந்தக் காலண்டரைப் பார்க்கிறாரோ!

உரிய நேரத்தில் ஆயுதம் கிடைக்காமலா இருந்தது? எல்லோருக்கும் கிடைத்தது. எங்கள் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது உங்கள் நாடு. 1987இல் அமைதிப்படையாக வந்து அவற்றில் ஒன்றான புலிகளின் துவக்குகளுக்கு முன்னால் நின்றவர்களும் உங்கள் சிப்பாய்கள்தான். அவர்களை அனுப்பிவிட வேண்டும் என்று எங்கள் ஜனாதிபதி பிரேமதாச புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தார். 1990 ஜூனில் புலிகள் அவருடைய படையோடேயே சண்டையைத் தொடங்கினார்கள். 1997இல் இராணுவத்துக்கென்று சிம்பாப்வேயில் வாங்கிய மோட்டார் குண்டுகள் நடுவழியில் கைமாறிப் புலிகளிடம் போய்ச் சேர்ந்தன. ஆசிரியருக்குத் தெரியாத கதை இல்லை இது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தது. அந்த வருடமே இஸ்ரேலில் இருந்து இன்னும் கிபிர் போர் விமானங்கள், உக்ரைனில் இருந்து மிக்-27 விமானங்கள், பாகிஸ்தானில் இருந்து மல்டி பரல் ராக்கெட் பீரங்கிகள் எல்லாம் வந்து இறங்கின. உங்கள் கட்டுரையாளரின் கணக்குப்படி அடுத்த வருடமே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம் கணக்குப் படிப்பித்தவள். என் வகுப்புப் பிள்ளைகள் சத்தத்தை வைத்தே என்ன வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். புக்காரா குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் சரிந்து இறங்கும்போது மாறும், அதற்குள் பங்கருக்கு ஓடிவிடலாம். 1995 அக்டோபரில் வன்னிக்கு இடம்பெயர்ந்த பிறகுதான் கிபிரைக் கண்டோம். அது இரைச்சல் காதில் விழும்போதே வேலையை முடித்திருக்கும். புக்காரா ஆர்ஜென்டினாவில் செய்தது. ஆர்ஜென்டினாக்காரருக்கும் எங்களுக்கும் என்ன பகை? அதே 1995 ஜூலை 9ஆம் தேதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். புக்காரா அடித்தது என்றுதான் இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய், டோர்ச் பற்றரி, சோப் எல்லாம் அரசாங்கம் போட்ட தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துத் துளி எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் ஏ.எல். (உயர்தர) சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றினால்தான் ரேடியோ பாடும். பற்றரி அவ்வளவு ஆபத்தான சாமான்! குண்டு ஏற்றிய கப்பலை மட்டும் எந்தத் துறைமுகமும் மறிக்கவில்லை.

உயிர்கள் மிஞ்சினவாமே? கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. விற்ற நாடுகளில் ஒன்றையாவது கூப்பிட்டு யாராவது கேள்வி கேட்டார்களா? 2013இல், ஆயுத விற்பனையைக் கட்டுப்படுத்தும் ஆயுத வர்த்தக ஒப்பந்தம் ஐ.நா.வில் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா நான்குமே வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. மற்ற எதில் இந்த நால்வரும் இப்படி ஒற்றுமையாக இருந்திருக்கிறார்கள், சொல்லுங்கள். அப்புறம் 2021இல், போர் முடிந்து 12 வருடம் கழித்து, ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க எங்கள் அரசு 5 கோடி டாலருக்கு இஸ்ரேல் நிறுவனத்தோடு ஒப்பந்தம். அடுத்த வருடம் நாட்டில் டாலரே இல்லை என்றார்கள். காஸுக்கும் பெற்றோலுக்கும் நாங்கள் கியூவில் நின்றோம்.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். கட்டுரையோடு போட்ட படத்தின் கீழே ‘இலங்கை விமானப்படையின் மிக்-27’ என்று இருக்கிறது. அது மிக் இல்லை, கிபிர். மிக்கின் இறக்கையை விரிக்கலாம், மடக்கலாம். படத்தில் இருப்பதற்கு அசையாத முக்கோண இறக்கை, அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் குட்டி இறக்கைகள். அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால், எந்த நாடு எந்த வருடம் யாருக்கு எதைக் கொடுத்தது என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தியும் போடலாம்.

முன்பு ஒருமுறை எழுதியபோது, கோபத்தை எல்லாம் வெட்டிவிட்டு ‘கட்டுரை அருமை’ என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். அதனால் இம்முறை அந்த வரியை எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மானிப்பாய்.