சி.ஓ.டி. சோதனையும் சிங்க்கில் போன பாதரசமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நொய்யலில் சாயக்கழிவு கலப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கடிதங்களைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். அடிக்கடி சாம்பிள் எடுக்கவேண்டும், அடிக்கடி சோதிக்கவேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நியாயம்தான். ஈரோடு பக்கம் ஒரு தனியார் ஆய்வகத்தில் 22 வருடம் கழிவுநீர் சோதித்தவன் நான். சோதனை முடிந்ததும் குடுவையில் மிஞ்சுவதை என்ன செய்கிறீர்கள் என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை.

சாயப்பட்டறைத் தண்ணீர் வந்தால் முதலில் பார்ப்பது சி.ஓ.டி., அதாவது தண்ணீரில் உள்ள அழுக்கை வேதிமுறையில் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவு. ஆற்றில் விடும் தண்ணீரில் அது லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பழைய முறையில் 20 மில்லி சாம்பிளோடு 0.4 கிராம் மெர்க்குரிக் சல்பேட் (பாதரசச் சேர்மம்), அழுக்கைச் சிதைக்கும் டைக்ரோமேட் 10 மில்லி, வெள்ளி சல்பேட் கலந்த கந்தக அமிலம் 30 மில்லி சேர்த்து 2 மணி நேரம் கொதிக்கவிடுவோம். ஆறியதும் நிறம் காட்டும் ஃபெர்ரோயின் விட்டு, மிஞ்சிய டைக்ரோமேட்டைச் சொட்டுச் சொட்டாக அளக்கும் டைட்ரேஷன். நீலப்பச்சையாக இருந்தது ஒரே சொட்டில் செங்கல் நிறத்துக்கு மாறும். ரீடிங்கை நோட்டில் எழுதிவிட்டு, குடுவையைச் சிங்க்கில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிடுவோம். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார்.

ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 0.4 கிராமில் பாதரசம் மட்டும் 270 மில்லிகிராம். ஆற்றில் விடும் கழிவுநீரில் பாதரசத்துக்கு உள்ள வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஒரு குடுவையை அந்த வரம்புக்குள் கொண்டுவர 27,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். நாங்கள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடுவை ஏற்றுவோம். சாம்பிளில் உள்ள உப்பு ரீடிங்கைக் கெடுக்கும் என்பதால்தான் பாதரசமே சேர்க்கிறோம்; உப்பு கூடினால் அதுவும் கூடும். சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாக உப்புப் போடும் ஊரில் இது எங்கே போய் நிற்கும்?

தண்ணீர்க் கதை தனி. ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பும் கண்டென்சர் குளிர வேண்டும் என்று 2 மணி நேரமும் குழாய் திறந்தே கிடக்கும். வாளி வைத்துப் பிடித்துப் பார்த்ததில் பன்னிரண்டு வாளி. லாரித் தண்ணீர் வாங்கிய ஒரு கோடையில்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. ஏர்கூலர் மோட்டார் ஒன்றை டிரம்முக்குள் போட்டு அதே தண்ணீரைச் சுற்றவிட்டோம். அதற்கு ஆன செலவு ஒரு லோடு தண்ணீர்க் காசுகூட இல்லை.

சிறிய சோதனைக் குழாயில் அடைத்துச் சூடாக்கும் மூடிய குழாய் முறை என்று ஒன்று உண்டு, புதிதல்ல. ஆய்வகங்களில் எல்லோரும் புரட்டும் ‘ஸ்டாண்டர்ட் மெத்தட்ஸ்’ தொகுப்பில் 5220 என்ற எண்ணில் பழைய முறையோடு சேர்ந்தே இருக்கிறது. 2.5 மில்லி சாம்பிள் போதும். மெர்க்குரிக் சல்பேட் 0.05 கிராம், அதாவது எட்டில் ஒரு பங்கு. கண்டென்சரும் கிடையாது, தண்ணீர்க் குழாயும் திறக்கவேண்டாம். நார், வண்டல் கிடக்கும் சாம்பிளில் இத்தனை சிறிய அளவு சரியாக வராது என்பார்கள். உண்மைதான். மிக்சியில் ஒரு சுற்று அடித்துவிட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம் வெள்ளி. பழைய முறையில் நூறு சோதனைக்குச் சுமார் 20 கிராம், ஒரு குழந்தைக் கொலுசுக்கு ஆகும், சாக்கடைக்குப் போகிறது. சேர்த்து வைத்த கழிவில் உப்புக் கரைசல் விட்டால் வெள்ளி மட்டும் வெண்மையாக அடியில் படியும். முதலாளிகளிடம் பேச நல்ல இடம் இதுதான்!

ஆய்வகத்துக்குத் தரச்சான்று தருபவர்கள் ரீடிங் சரியா என்று துருவுகிறார்கள். கழிவைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ரிப்போர்ட் வாங்கும்போதே இரண்டு விவரம் சேர்த்துக் கேட்கலாம்: இந்த வருடம் எவ்வளவு மெர்க்குரிக் சல்பேட் வாங்கினீர்கள், எவ்வளவு கழிவை எங்கே கொடுத்தீர்கள்? மாதம் இருபது லிட்டர் கழிவுக்காகச் சின்ன ஆய்வகம் தனியாக வண்டி பிடித்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பாது. வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் ஆய்வகங்களிலேயே வாங்கிச் சேர்த்து மொத்தமாக அனுப்பலாம்.

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பையன் சிங்க்கில் ஊற்றுவதில்லை. மாடிப்படிக்குக் கீழே மூன்று கேன் நிரம்பிவிட்டதாம். யாரிடம் கொடுப்பது அண்ணா என்று போன வாரம் போனில் கேட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக வேதியியலர் ஒருவர்,
ஈரோடு.