மாதம் இரண்டு லட்சம் வாங்கும் நடுத்தரக் குடும்பம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த சேமிப்புக் கட்டுரையில், மாதம் இரண்டு லட்சம் ரூபாய் வருமானமுள்ள ‘சராசரி நடுத்தரக் குடும்பம்’ ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தார்கள். கணவன், மனைவி இருவருக்கும் வேலை, வீட்டுக்கடன், கார், வருடம் ஒரு சுற்றுலா. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் கணவர் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். இரண்டும் சேர்ந்து மாதம் 32 ஆயிரம். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் எங்களை நீங்கள் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள்?

உங்களுக்குத் தெரியாததல்ல. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1.20 லட்சத்தைத் தாண்டக்கூடாது. மகளிர் உரிமைத் தொகைக்கு 2.5 லட்சம். இரண்டிலும் எங்களுக்கு இடமில்லை. தேவையுள்ள பெண்களுக்கு அந்த ஆயிரம் ரூபாய் போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முற்பட்ட வகுப்பின் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டில் 8 லட்சம் வரை நலிந்தவர்கள்தான். ‘பிரைஸ்’ ஆய்வு நிறுவனமோ 2020-21 விலைவாசிப்படி 5 லட்சம் முதல் 30 லட்சம் வரை நடுத்தர வர்க்கம் என்கிறது. மாதம் 42 ஆயிரம் வாங்கும் வீடும் இரண்டரை லட்சம் வாங்கும் வீடும் ஒன்றாம்! அந்தக் கணக்குப்படி உங்கள் கட்டுரையாளர் சொன்னது தப்பில்லைதான். நாங்கள்தான் உதவிக்கும் எட்டாமல், உங்கள் நடுத்தரத்துக்கும் எட்டாமல் நடுவில் நிற்கிறோம்.

வருமானத்தை மட்டும் பார்த்தால் போதுமா? இதே 32 ஆயிரம் வாங்கி, அப்பா கட்டிவைத்த வீட்டில் இருப்பவரும் நாங்களும் ஒன்றா? எங்களுக்கு வாடகை 9,500. கரண்டுக்கு வீட்டுக்காரர் சப் மீட்டரைப் பார்த்து, சின்னத் துண்டுச்சீட்டில் யூனிட்டை எழுதி, பத்து ரூபாயால் பெருக்கி ஜன்னல் வழியே கொடுத்துவிட்டுப் போவார். அரசு தரும் 100 யூனிட் இலவசம் வாடகைக்கு இருப்பவள் கைக்கு வந்ததே இல்லை. இதைப் பற்றி உங்களுக்கு முன்பே எழுதினேன், பிரசுரமாகவில்லை.

கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரி கவுன்டரில் முதலில் கேட்டது காப்பீட்டு அட்டை. இல்லை என்றதும் முன்பணம் கட்டச் சொன்னார்கள். என் வளையலும் தாலிக்கொடியும் அடகுக்குப் போயின. வட்டியைக் கட்டி மறுபடி மறுபடி மாற்றி வைக்கிறோமே தவிர, இன்னும் மீட்கவில்லை. அந்த ஒரு வாரத்துக்கு முன்னும் பின்னும் எங்கள் வருமானம் ஒன்றுதான். குடும்பம் முன்போலவே இருக்கிறதா? வீட்டுக்கு வருகிறவர்கள் வாஷிங் மெஷினையும் மகளின் லேப்டாப்பையும் பார்த்துவிட்டு, ‘உங்களுக்கென்ன குறை’ என்கிறார்கள். இரண்டும் தவணையில் வாங்கியவை.

என் அப்பா மில்லில் உழைத்து ஓய்வுபெற்றவர். பி.எஃப். ஓய்வூதியத்தில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வந்தது, இன்றும் அதேதான். அந்தத் தொகைக்குப் பக்கத்தில்தான் அவர் வாங்கினார். 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றதும் ‘நடுத்தர மக்களுக்கு நிம்மதி’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். எங்களுக்கு அதற்கு முன்னும் வரி கிடையாது. ஆனால் சோப்புக்கும் எண்ணெய்க்கும் ஜி.எஸ்.டி. எல்லோரையும் போல நாங்களும்தான் கட்டுகிறோம்.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். அதே ஞாயிறு பக்கத்தில், மாதம் 30 ஆயிரம் வருமானம், வாடகை வீடு, நகைக்கடன், கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளை என்று வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கட்டுரையாளர் கேட்டால் எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டை நகலெடுத்து அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
உறையூர், திருச்சி.