ஒலிக்கான மெட்டா பொருள்களை வடிவமைக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மெட்டா பொருள், அதாவது எதனால் ஆனது என்பதைவிட உள்ளமைப்பின் வடிவத்தாலேயே ஒலியை அடக்கும் பொருள்; அதை நீங்கள் கணினியில் வரைகிறீர்கள், கையில் செய்துபார்க்கும் பக்கத்தில் இருப்பவன் நான். அச்சிடுவது, வார்ப்பது, ஒட்டுவது, குழாயில் வைத்து அளப்பது எல்லாம் என் வேலை. உங்கள் கட்டுரைகளை ஆசையோடு படிக்கிறேன். ஒரே ஒரு கோரிக்கை: உங்கள் மாதிரி எந்த அதிர்வெண்ணில் அசத்தியது என்று சொல்வதைப் போலவே, எங்கே கைவிட்டது என்பதையும் வெளியிடுங்கள்.

இந்தத் துறையின் சாதனையைக் குறைத்து மதிப்பிடவில்லை. சாதாரணச் சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினாலும் கூடுதலாகத் தடுக்கப்படுவது சுமார் 6 டெசிபெல்தான். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறக்குறைய 3.4 மீட்டர். அதைப் பஞ்சு அடைத்து நன்றாக உறிஞ்ச நினைத்தால் கால் அலைநீளம், அதாவது 85 செ.மீ. தடிமன் வேண்டியிருக்கும். அவ்வளவு இடத்தை யார் தருவார்கள்? அதனால்தான் 2000-இல் ஹாங்காங்கில் இயற்பியலாளர் பிங் ஷெங் குழுவினர் செய்தது இன்றும் வியப்பாக இருக்கிறது. 1 செ.மீ. ஈயக் குண்டுகளைச் சிலிக்கோன் ரப்பரால் போர்த்தி எப்பாக்சியில் பதித்தார்கள். ரப்பர் சுருள்வில்லாகிறது, ஈயம் அதில் ஆடும் எடையாகிறது. குண்டு தானாகவே மிகப் பலமாக ஆடும் அதிர்வெண்ணுக்கு, அதாவது ஒத்ததிர்வுக்கு, சற்று மேலே அது, வரும் அலைக்கு எதிர்த்திசையில் ஆடும். மொத்தப் பொருளும் எதிர்மறை நிறை கொண்டதுபோல நடந்து அலையை உள்ளே விடாது. 400 ஹெர்ட்ஸ் அருகே, அலைநீளத்தைவிட மிகச் சிறிய கட்டமைப்பு இதைச் சாதித்தது.

ஆனால் 'அருகே' என்ற சொல்லில்தான் எங்கள் தலைவலி. 2019-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடுவில் காற்று தாராளமாகப் போகும் ஒரு வளையம் செய்தார்கள். செய்திகளில் '94 சதவீத ஒலியைத் தடுக்கும்' என்பது மட்டும் நின்றது. அது குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்காகச் செய்த வடிவம் என்பது வழியிலேயே உதிர்ந்துபோனது. பிறகு எங்களிடம் வருபவர்கள் எல்லா இரைச்சலுக்கும் அந்த 94-ஐக் கேட்கிறார்கள்.

பட்டறையில் நடப்பது இது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறை என்பது குறுகிய கழுத்துள்ள குடுவை போன்ற காற்றறை; அதன் கழுத்துத் துளையின் விட்டம் 1 மி.மீ. என்று வைப்போம். அச்சில் அது 0.1 மி.மீ. சுருங்கினால் ஒத்ததிர்வு 10 சதவீதம் வரை கீழே இறங்கும். உறிஞ்சும் அதிர்வெண் வரம்பு அதைவிடக் குறுகியது என்றால், சரி, வேலை முடிந்தது. மாதிரி இருக்கும், பயன் இருக்காது. துளை குறுகும்போது காற்றின் உராய்வும் மாறும். நீங்கள் நுட்பமாகச் சமன்செய்த ஒலியாற்றல் இழப்பும் அதோடு குலையும். இவ்வளவுக்கும் கட்டுரையில் இருப்பது வரைபடத்து அளவு மட்டும்தான், அச்சிட்டபின் அளந்த அளவு இல்லை.

இன்னொன்று, மாதிரியை ஒரு முனையில் வைத்து அளக்கும் ஒலிக்குழாயில் அலை நேராகத்தான் வந்து மோதுகிறது. நிஜ அறையில் எல்லாப் பக்கமிருந்தும் வரும். அப்படி எல்லாப் பக்கமிருந்தும் ஒலி மோதும் எதிரொலி அறையில் சோதிக்க 10 முதல் 12 சதுர மீட்டர் மாதிரி வேண்டும். செலவு எனக்கும் தெரியும். முடியாவிட்டால் சாய்ந்து வரும் அலைக்கான கணக்கையாவது கொடுங்கள். காற்று போகும் வடிவமென்றால் அதைக் கடக்கும் காற்றின் அழுத்த இழப்பையும் சொல்லுங்கள்.

தடிமன் விஷயத்தில் நீங்களே வழிகாட்டியிருக்கிறீர்கள். எந்தெந்த அதிர்வெண்ணை எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதற்குக் காரணகாரிய விதி (காரணத்துக்கு முன் விளைவு வராது என்பது) கேட்கும் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பதைக் கணக்கிட முடியும். ஒவ்வொரு கட்டுரையிலும் உங்கள் வடிவம் அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் என்று ஒரு வரி எழுதினால், மெலிவு பற்றிய பாதிச் சண்டை தீரும்.

அடுத்த கட்டுரையோடு வடிவக் கோப்பையும், அச்சிட்டபின் அளந்த துளை அளவுகளையும், தோற்றுப்போன மாதிரிகளின் அளவீட்டு வளைவுகளையும் இணைத்து விடுங்கள். மற்றதை நாங்கள் செய்துபார்த்து, முடிவை உங்களுக்கே அனுப்புகிறோம்.

அன்புடன்,
மாதிரி செய்யும் ஒருவன்